40 மைக்ரான் கையிருப்பு

நண்பகல் வெயிலில் நிற்கும் கறுப்புக் கார் ஒன்றின் பானெட்டில் சூரியனின் பிம்பத்தைத் தேடிப் பாருங்கள். கார் சில ஆண்டுகள் ஓடியதாக இருந்தால், பிம்பத்தைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடுகள் சிலந்தி வலையாகச் சூழ்ந்திருக்கும். நீங்கள் இரண்டடி நகர்ந்தால் வலையும் உங்களுடன் நகரும். பணிமனைகளில் இதை ஸ்வர்ல் மார்க் என்கிறார்கள். துடைத்தவர் துணியை வட்டமாகச் சுழற்றியதால் வந்தது என்பதே பலரின் எண்ணம். அந்தக் கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் நேர்க்கீறல்களே அவற்றில் பெரும்பாலானவை.

ஒரு மெல்லிய கீறல் தன்மேல் விழும் ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்காகவே சிதறடிக்கும். பிம்பத்தை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டத்துக்குத் தொடுகோடாக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்கு அனுப்பும். மற்றவை அங்கேயே இருந்தும் கண்ணில் படாது. நாம் நகரும்போது பிம்பம் நகர்கிறது. வேறு கீறல்கள் தொடுகோடாகி மின்னுகின்றன. ஆகவே துணியை நேராக இழுத்துத் துடைத்தால் ஸ்வர்ல் வராது என்பது சரியல்ல. துணிக்கும் காருக்கும் நடுவே மணல் இருந்தால், எந்தத் திசையில் இழுத்தாலும் கீறும். தெருப் புழுதியில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. கார் பூச்சு பிசினால் ஆனது. குவார்ட்ஸின் முன் அது மென்மையான பொருள்.

கறுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? பூச்சின் மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் மேற்பரப்பிலேயே திரும்புகிறது. மீதி உள்ளே போய் நிறமியைச் சேர்கிறது. வெள்ளைக் காரில் அப்படிப் போனதில் பெரும்பகுதி எல்லாப் பக்கமும் சிதறி வெளியே வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் கீறலின் மினுக்கம் கரைந்துபோகும். கறுப்பு நிறமி உள்ளே வந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. கண்ணுக்கு மிஞ்சுவது மேற்பரப்பு திருப்பிய அந்த 4 விழுக்காடு மட்டும். அதில் சிறு குறை இருந்தாலும் தனித்துத் தெரியும். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் காரும் அதே அளவு கீறல் வாங்கியிருக்கும். அது காட்டிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு பரப்பு கண்ணாடிபோல் பிரதிபலிக்க எவ்வளவு வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு லார்டு ராலே தந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. நேராக விழும் ஒளிக்கு, மேடு பள்ளங்களின் உயரம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர் என்றால் வரம்பு 70 நானோமீட்டருக்குள் வருகிறது. ஒரு மைக்ரான் என்பது 1000 நானோமீட்டர். அரை மைக்ரான் ஆழமுள்ள கீறல்கூட இந்த வரம்பைப் பல மடங்கு மீறியது. விரலால் தடவினால் ஒன்றும் தெரியாத கீறலைக் கண் பிடித்துவிடுவதன் காரணம் இதுதான்.

பாலிஷ் செய்யும் வேலை, இந்த மேடுகளைப் பள்ளத்தின் அடிமட்டம்வரை சீவி இறக்குவது. கீறல் மறைகிறது என்றால், கீறலைச் சுற்றியிருந்த நல்ல பூச்சு போய்விட்டது என்று பொருள். பாலிஷ் போட்டால் காருக்கு ஏதோ ஒரு சத்து ஏறுகிறது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அதை மனத்திலிருந்து முதலில் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பாலிஷும் பூச்சைக் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு, பூச்சு எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

தொழிற்சாலையில் இரும்புத் தகட்டின் மேல் முதலில் துத்தநாக பாஸ்பேட் படியவைக்கிறார்கள். பிறகு காரின் உடல் முழுவதையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தித் துருத்தடுப்புப் பூச்சு ஏற்றுகிறார்கள். அது சுமார் 20 மைக்ரான். அதன்மேல் பிரைமர் 30 மைக்ரானை ஒட்டி. நிறத்தைத் தரும் பேஸ் கோட் 12 முதல் 20 மைக்ரான்தான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 100 முதல் 120 மைக்ரான் வரும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். முடி இரண்டை அடுக்கிவைத்தால் காரின் மொத்தப் பூச்சைத் தாண்டிவிடும். நாம் தேய்க்க அனுமதியுள்ள கிளியர் கோட் ஒரு முடிகூட இல்லை.

40 மைக்ரானை ஒட்டிய அந்தக் கிளியர் கோட்டையும் தேய்த்துத் தீர்க்க முடியாது. கிளியர் கோட்டுக்குள் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருளைக் கலந்திருக்கிறார்கள். கீழேயுள்ள நிறத்துக்கும், நிறத்தையும் கிளியரையும் ஒட்டவைத்திருக்கும் பிசினுக்கும் அதுதான் குடை. அந்தக் குடையின் கணக்கு நேர்க்கோட்டில் போவதில்லை. ஒரு பேச்சுக்கு, 40 மைக்ரான் படலம் நூற்றில் 1 பங்கு புற ஊதாவை மட்டும் கீழே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். படலம் 30 மைக்ரானாகக் குறைந்தால், கீழே போவது நூற்றில் 3 பங்குக்கு மேல். 20 ஆனால் 10 பங்கு. கால்வாசி தடிமனை எடுத்தால் கதிர் மூன்று மடங்காகிறது. பாதியை எடுத்தால் பத்து மடங்கு. வேதியியல் மாணவர்கள் படிக்கும் பியர்–லாம்பர்ட் விதிதான் இது. அளவுக்கு மீறித் தேய்த்த கார் அன்றைக்குப் பிரமாதமாக மின்னும். சில கோடைகள் கழித்துக் கூரையிலும் பானெட்டிலும் வெண்திட்டுகள் தோன்றி, கிளியர் கோட் தோலாக உரியத் தொடங்கும். உரிந்த கிளியர் கோட்டைச் சரிசெய்யும் பாலிஷ் உலகில் எதுவும் இல்லை. அந்தப் பாகத்தைத் தேய்த்து மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. இந்தத் தொழிலில் என்னை அதிகம் வருத்துவது இந்தத் தாமதம்தான். தேய்த்தவர் கையில் காசு வாங்கி நாளாகியிருக்கும். நட்டம் உரிமையாளரின் தலையில் வந்து விழும்.

கார் பூச்சு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் பல முறை பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசினார்கள். ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆனது. ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. 1920களில் டுபாண்ட் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து டுகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தது. 1924ஆம் ஆண்டுக்கான ஓக்லேண்ட் கார் அந்தப் பூச்சின் நீலத்தில் வெளியானது. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. தெளித்து முடித்ததும் லேக்கர் மங்கலாகத்தான் இருக்கும், தேய்த்தால்தான் மின்னும். ரப்பிங் காம்பவுண்ட் என்ற பொருள் கார்த் தொழிலில் நிலைகொண்டது அப்போதுதான். நம் ஊர் பெயின்ட் கடைகளில் டுகோ என்ற பெயர் இன்னும் புழங்குகிறது.

அந்தக் காலப் பூச்சில் நிறமியும் பிசினும் ஒரே அடுக்கு. வெயிலில் மேல் பிசின் சிதைந்து, நிறமி தூளாகி, தொட்டால் கையில் சுண்ணாம்புபோல் ஒட்டும். ஒரு பழைய அம்பாசடரை ரப்பிங் செய்தால் துணி காரின் நிறத்துக்கு மாறிவிடும். கீழே புத்தம்புது நிறம் தென்படும். தடிமனாகத் தெளித்திருப்பார்கள், தேய்ப்பது அந்த வண்டிக்கு வைத்தியமாகவே இருந்தது. 1980களிலிருந்து பேஸ் கோட், கிளியர் கோட் என்று இரண்டாகப் பிரிக்கும் முறை உலகெங்கும் பரவியது. கார் மாறிவிட்டது, தேய்க்கும் பழக்கம் மாறவில்லை. அம்பாசடருக்குக் காட்டிய கையை இன்றைய காருக்குக் காட்டுவதால் வரும் சேதத்தை எத்தனையோ பார்க்கிங்குகளில் காணலாம். உங்கள் கார் எந்த வகை என்று அறிய எளிய சோதனை உண்டு. கண்ணில் படாத ஓரத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் ஒற்றை அடுக்கு. அழுக்கு மட்டும் வந்தால் மேலே கிளியர் இருக்கிறது. கிளியர் இருக்கும் காரில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிறம் வந்தால், கையை அந்தக் கணமே எடுத்துவிட வேண்டும்.

தேய்த்தால் ஏன் மின்னுகிறது என்பதில் அறிவியலாளர்களே நெடுங்காலம் ஒத்துப்போகவில்லை. தேய்ப்பது கீறல்களைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையாக்குவதுதான் என்றார் நியூட்டன், 1704இல் வெளியான தமது ஒளியியல் நூலில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி வேறொரு கருத்தை முன்வைத்தார். மெருகிடும்போது உலோகத்தின் மேல்தோல் திரவம்போல் வழிந்து பள்ளங்களை நிரப்புகிறது என்பது அவர் வாதம். அதற்கு வலுச்சேர்ப்பதுபோல் 1937இல் கேம்பிரிட்ஜில் பௌடனும் ஹியூஸும் ஒரு விந்தையைக் காட்டினார்கள். சுமார் 70 டிகிரியில் உருகும் உட் உலோகம் என்ற கலவையைக் கற்பூரத்தால் மெருகிட முடிந்தது! நகத்தால் நொறுக்கக்கூடிய கற்பூரம் உலோகத்தை மெருகிட்டதற்குக் காரணம், அது உருகும் வெப்பநிலை உலோகத்தினுடையதைவிட நூறு டிகிரி அதிகம் என்பதே. உராயும் நுண்புள்ளிகளில் வெப்பம் ஏறும்போது, எது முதலில் இளகுகிறதோ அது வழுவழுப்பாகிறது. பிறகு 1950களில் ஆஸ்திரேலியாவின் சாமுவெல்ஸ், மெருகேறிய உலோகங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, வழிந்தோடிய படலம் எதையும் காணாமல், நுண்ணிய வெட்டுகளையே கண்டார். உலோகத்தைப் பொறுத்தவரை நியூட்டன் பக்கம் தராசு சாய்ந்தது.

கார் பூச்சில் இரண்டு தரப்புக்கும் இடம் இருக்கிறது. கிளியர் கோட் குறுக்குப்பிணைப்புகளால் வலைபோல் கட்டப்பட்ட பாலிமர். அது உருகாது, ஆனால் ஒரு வெப்பநிலைக்கு மேல் விறைப்பு தளர்ந்து இளகும். பாலிஷில் உள்ள துகள்கள் பூச்சைச் சீவுகின்றன. உராய்வின் சூடு அந்தச் சீவலை எளிதாக்குகிறது. கீறல் பள்ளமாகக் குழிந்து பக்கங்களில் மேடிட்டிருந்தால், சூட்டில் பாலிமர் தன் பழைய வடிவத்துக்குச் சற்றுத் திரும்பவும் கூடும். நிசான் நிறுவனம் 2005இல் அறிவித்த, தானே ஆறும் கிளியர் கோட் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறது. அதற்கு நேரெதிரான வழியில் 2003இல் மெர்சிடிஸ், நுண்துகள் கலந்த கடினமான கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. கடினமான பூச்சு எளிதில் கீறாது. கீறினால் எளிதில் தேயாது. ஆகையால் எல்லாக் காருக்கும் ஒரே பாலிஷ் என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

எவ்வளவு தேயும் என்பதற்கு ஒரு சிறிய சமன்பாடு இருக்கிறது. கண்ணாடித் தகடுகளை மெருகிடும் எந்திரங்களுக்காக பிரெஸ்டன் 1927இல் தந்தது. தேயும் வேகம், அழுத்தத்தையும் உராயும் வேகத்தையும் பெருக்கியதற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்கிறது அது. காரில் நடக்கும் பெரும்பாலான விபத்துகளை இந்த ஒரு வரியால் விளக்கிவிடலாம். 150 மில்லிமீட்டர் பேடை, ஒரே அச்சில் சுழற்றும் ரோட்டரி எந்திரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்று விட்டால், பேடின் விளிம்பு மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் பூச்சின் மேல் ஓடுகிறது. பானெட்டின் மடிப்பு விளிம்பிலோ கதவின் கூர்முனையிலோ அதை வைத்தால், கையின் மொத்த அழுத்தமும் ஒரு மெல்லிய கோட்டில் குவிகிறது. வேகமும் உச்சம், அழுத்தமும் உச்சம். போதாக்குறைக்கு, ஈரப் பூச்சு விளிம்புகளிலிருந்து பின்வாங்கும் இயல்புடையது என்பதால் அங்கே தடிமனும் குறைவு. ஒரு நொடி அசந்தால் உள்ளிருக்கும் பிரைமர் தெரிந்துவிடும். விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் கைதேர்ந்தவர்கள் உண்டு. எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் ஒட்டித்தான் ஆக வேண்டும்.

டூயல் ஆக்‌ஷன் எனப்படும் எந்திரத்தில் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, 8 முதல் 21 மில்லிமீட்டர் வீச்சில் ஆடவும் செய்கிறது. அழுத்தம் கூடினால் சுழல்வது நின்றுபோகும். மெதுவாகத்தான் தேயும், அதுவே அதன் நற்குணம். ரோட்டரியில் எல்லாத் துகள்களும் ஒரே திசையில் கோடிழுப்பதால், வேலை முடிந்தபின் வெயிலில் ஹோலோகிராம் பட்டைகள் தெரியும். ஆடி ஆடித் தேய்க்கும் எந்திரத்தில் அந்தத் தொல்லை குறைவு. வீட்டில் தாமே செய்ய விரும்புகிறவர் ரோட்டரியைத் தொட வேண்டாம்.

இப்போது சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் திறந்த பார்க்கிங்கில் ஏழு ஆண்டுகளாக நிற்கும் கருநீலக் காரை எடுத்துக்கொள்வோம். தினமும் காலையில் ஒருவர் ஒரே பக்கெட் தண்ணீரில் வரிசையாகப் பல கார்களைத் துடைக்கிறார். தண்ணீர் போர்வெல் தண்ணீர். துணி, திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட். இந்தக் காரில் மூன்று வகைக் காயங்கள் இருக்கும். முதலாவது, நாம் பார்த்த வலைக் கீறல்கள். இரண்டாவது, கடின நீர் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்பு வட்டங்கள். மூன்றாவது, பறவை எச்சம் அரித்த தழும்புகள்.

சுண்ணாம்புக் கறையைப் பாலிஷ் போட்டு எடுக்க முயல்வது வீண். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மெல்லிய அமிலக் கரைசலில் கரைந்துவிடும். கார் கடைகளில் கிடைக்கும் வாட்டர் ஸ்பாட் ரிமூவர் அதுதான். நிழலில், பூச்சு குளிர்ந்திருக்கும்போது பயன்படுத்தி உடனே கழுவிவிட வேண்டும். எச்சத்தின் தழும்பு வேறு ரகம். அதிலுள்ள அமிலமும் நொதிகளும் வெயில் சூட்டில் இளகிய கிளியர் கோட்டைத் தாக்குகின்றன. கிளியர் கோட்டை அமிலம் அரிக்கும் விதத்தை ஆராய, அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் கோடைதோறும் வண்ணத் தகடுகளை வெளியில் வைத்துச் சோதிக்கிறார்கள். வெப்பமும் ஈரமும் அமிலப் படிவும் அங்கே சேர்ந்து வருகின்றன. நம் கடற்கரை ஊர்களின் கோடையும் ஏறக்குறைய அப்படித்தான். எச்சத்தை அன்றே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் தழும்பு விழாது. வாரக்கணக்கில் விட்டால் பல மைக்ரான் ஆழம் போய்விடும். அந்த ஆழத்தைத் துரத்திக்கொண்டு தேய்ப்பதைவிட, விளிம்பை மட்டும் மென்மையாக்கிவிட்டு மீதியைச் சகித்துக்கொள்வதே அறிவு. கீறலுக்கும் இதே விதி. நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுக்கும்போது இடறினால் அது பாலிஷின் எல்லையைத் தாண்டிய கீறல்.

எஞ்சியது வலைக் கீறல். கடையில் போய் பாலிஷ் என்று கேட்டால் ஐந்தாறு வெவ்வேறு பொருட்களை எடுத்து வைப்பார்கள். காம்பவுண்ட் என்பதில் சீவும் துகள் வலுவானது. அடுத்து நடுத்தரப் பாலிஷ். ஃபினிஷிங் பாலிஷ் மிக நுண்மையானது. இந்த மூன்றும் மட்டுமே பூச்சைத் தேய்ப்பவை. கிளேஸ் என்பது கீறலை நிரப்பி மறைப்பது. வேக்ஸ் மேலே படிவது. புட்டியின் முகப்பில் இருக்கும் மின்னும் காரின் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் எவ்வளவு கட், அதாவது எவ்வளவு சீவும், என்று போட்டிருப்பதைப் படியுங்கள்.

துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மோஸ் அளவில் 9; எந்தக் கார் பூச்சையும்விடக் கடினம். ஆகவே துகளின் கடினத்தைவிட அதன் பருமனும் வடிவமுமே வேலையைத் தீர்மானிக்கின்றன. சில பாலிஷ்களில் துகள்கள் கொத்துக் கொத்தாக இருந்து, தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகும். அவற்றை முழுவதும் உடையும்வரை ஓட்ட வேண்டும். பாதியில் நிறுத்தித் துடைத்தால் மங்கல் மிஞ்சும். இன்னொரு வகையில் துகள்கள் முதலிலிருந்தே ஒரே நுண்பருமன். அங்கே எவ்வளவு சீவும் என்பதை பேடும் அழுத்தமும் முடிவு செய்கின்றன. ஒரே பாலிஷ் கம்பளிப் பேடில் ஒரு மாதிரி, மென்மையான ஃபோம் பேடில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பாலிஷுக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது பேடுக்குத் தாருங்கள். பெயின்ட் பூத் உள்ள பணிமனைக்காக வாங்குவதானால் சிலிகோன் எண்ணெய் இல்லாததாகப் பார்க்க வேண்டும். சிலிகோன் துளி பட்ட இடத்தில் புதுப் பெயின்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகிவிடும். பெயின்டர்கள் மீன்கண் என்று பயப்படுவது இதைத்தான்.

முதல் வேலை, பெயின்டின் தடிமனை அளப்பது. இரும்புத் தகட்டின் மேல் காந்தத் தூண்டலால் அளக்கும் சிறு கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பாகத்திலும் நாலைந்து இடங்களில் வைத்துப் பாருங்கள். எங்கும் 110, 120 என்று வந்துவிட்டு ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால், அந்தக் கதவு மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது. 600, 800 என்று ஏறினால் அடியில் பட்டி இருக்கிறது. 80ஐ ஒட்டி வந்தால் யாரோ ஏற்கெனவே நன்றாகத் தேய்த்துவிட்டார்கள் என்று சந்தேகித்து அந்த இடத்தை விட்டுவிடலாம். கருவி மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட்டைத் தனியாகச் சொல்லாது என்பதை மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது. பிளாஸ்டிக் சூட்டையும் கடத்தாது. இரும்பில் தகடு வாங்கிக்கொள்ளும் சூடு அங்கே பூச்சிலேயே தங்கும். ஆகவே பம்பரில் கை இன்னும் இலேசாக இருக்கட்டும். மேட் ஃபினிஷ் காராக இருந்தால் இந்த அத்தியாயத்தின் எதையும் செய்ய வேண்டாம். தேய்த்த இடம் மின்னத் தொடங்கிக் காரே கெட்டுவிடும்.

காரை நன்றாகக் கழுவி, கிளே கட்டியால் பூச்சில் ஒட்டியிருக்கும் தார், இரும்புத் துகள் எல்லாவற்றையும் எடுத்தபின், நிழலில் நிறுத்த வேண்டும். வெயிலில் நின்ற கறுப்பு பானெட் 70 டிகிரியை எட்டும். பாலிஷின் திரவம் நொடியில் உலர்ந்து, துகள் வறண்டு கீறும். ஒரு சதுர அடி இடத்தை டேப்பால் பிரித்து, ஃபினிஷிங் பாலிஷையும் மென்மையான பேடையும் வைத்துத் தொடங்குங்கள். குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து முறை ஓட்டித் துடைத்து, கைவிளக்கை அடித்துப் பாருங்கள். வலை போய்விட்டால் அதுவே உங்கள் காருக்கான பாலிஷ். போகவில்லையென்றால் முதலில் பேடை ஒரு படி கடினமாக்குங்கள், பிறகுதான் பாலிஷ். காம்பவுண்டில் தொடங்கிக் கீழே இறங்குவது வேகமான வழிதான். பணிமனைகளில் அப்படித்தான் செய்கிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கார் என்பது அவர்களுக்குக் கணக்கு. உங்கள் கணக்கு மைக்ரானில் இருக்க வேண்டும். நுண்மையான பாலிஷ் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக எடுக்கும். வலுவான காம்பவுண்ட் ஒரே அமர்வில் சில மைக்ரானை எடுத்துவிடும். ஒரு காரின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்துப் பத்து மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது என் முடிவு. வாட்டர் பேப்பரை எடுக்கும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. பி2000 உப்புத்தாளின் துகளே சராசரியாக 10 மைக்ரான் பருமன். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்தில் தூசியைச் சமன்செய்ய அது சரி. கீறல் எடுக்க ஒரு கார் முழுவதும் ஓட்டுவது அநியாயம்.

கடைசி ஒரு மூலையில் மிஞ்சும் இரண்டொரு கோடுகளை விட்டுவிடுங்கள். நூற்றில் எண்பது கீறல் போனாலே கார் புதிதாகத் தெரியும். மிச்ச இருபதுக்காக எடுக்கும் பூச்சுதான் அதிக விலை.

முதல்நாள் பளிங்காக இருந்த கார் மூன்றாவது மழையில் பழையபடி ஆகிவிட்டது என்று பலர் குறைப்படுவார்கள். அது கிளேஸின் வேலை. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் இறங்கிய இடம் மறுபக்கம் தெரியும் அளவுக்கு ஒளி விடுகிறதல்லவா? நார்களுக்கு நடுவேயிருந்த காற்றை, ஏறக்குறைய அதே ஒளிவிலகல் எண்ணுள்ள எண்ணெய் நிரப்பிவிட்டதால் ஒளி சிதறாமல் போகிறது. கீறலுக்குள் எண்ணெயோ மெழுகோ நிறையும்போதும் அதுவே நடக்கிறது. கீறல் அங்கேயே இருக்கும், ஒளிக்குத் தெரியாது. ஷாம்பு எண்ணெயைக் கழுவியதும் மறுபடி தெரியும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்துப் பார்த்தால் உண்மை அப்போதே வெளிப்படும். பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள். ஆனால் கிளேஸைப் பழிக்க நான் தயாரில்லை. பூச்சு மெலிந்துபோன பழைய காருக்கு ஒரு மைக்ரானும் எடுக்காமல் அழகு தருவது அது ஒன்றுதான். கிளேஸ் என்று சொல்லிச் செய்தால் நேர்மை. கீறல் நீக்கம் என்று விற்றால் ஏமாற்று.

பாலிஷுக்கு மேல் ஏதாவது ஒரு பாதுகாப்பு வேண்டும். வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனைவகையின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னௌபா மெழுகு சுமார் 83 டிகிரியில் உருகும். நம் வெயிலில் அது சில வாரங்களைத் தாண்டி நிற்பது கடினம், ஆனால் மலிவு, கையாலேயே போடலாம். செராமிக் கோட்டிங் என்று விற்கப்படும் சிலிக்கா வகைப் படலம் நெடுநாள் நிற்கும். தண்ணீரும் புழுதியும் அதில் எளிதாக வழுக்கிப் போகும். அதன் விளம்பரத்தில் வரும் 9ஹெச் என்பதை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மோஸ் அளவின் 9க்கும் அதற்கும் தொடர்பில்லை. 9ஹெச் பூச்சையும் தெருமணல் கீறும். ஒரு மைக்ரானை ஒட்டிய தடிமனுள்ள இந்தப் படலம், பாலிஷ் தின்றுவிட்ட பத்து மைக்ரான் கிளியர் கோட்டுக்கு ஈடாகாது.

கீறல் பிறக்கும் இடம் கழுவுமிடம். அந்தக் கருநீலக் காருக்கு உண்மையில் தேவைப்பட்டது, துடைக்கும் முன் மணலை அடித்துக்கொண்டு போகும் அளவுக்குத் தண்ணீர், அலசத் தனியாக இரண்டாவது பக்கெட், பனியன் வேஸ்டுக்குப் பதில் மைக்ரோஃபைபர் துணி. காரைத் துடைப்பவருக்கு இவற்றை வாங்கிக் கொடுங்கள். அவர் நேரத்துக்கும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். தண்ணீர் இல்லாத நாளில் புழுதியோடு விட்டுவிடச் சொல்லுங்கள். காய்ந்த துணியால் தட்டவே வேண்டாம். அடுத்த முறை யாராவது உங்கள் காரைத் தேய்க்க வந்தால், தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் தடிமன் அளவை எழுதி வாங்கி, சர்வீஸ் புத்தகத்துடன் வைத்துக்கொள்ளுங்கள்.